142 அடியும் 111 அடியும்

பீருமேடு தாலுகாவில் ஓர் ஏலத்தோட்டக்காரர் இருக்கிறார் என்று வையுங்கள். தோட்டத்துக்கு வரும் ஓடையைப் பக்கத்துத் தோட்டக்காரர் மறிக்கிறார் என்பது அவர் குறை. முன்சிஃப் கோர்ட்டில் வழக்குப் போடுவார். தோற்றவர் ஜில்லா கோர்ட்டுக்கு மேல்முறையீடு போவார். பிறகு எர்ணாகுளம் ஹைகோர்ட். கையில் காசும் உடம்பில் ஆயுளும் மிச்சமிருந்தால் கடைசியில் டெல்லி. இத்தனை படியேறி வாதி கேட்பது பெரும்பாலும் இரண்டே பரிகாரம்தான். தண்ணீரில் எனக்கு உரிமை உண்டு என்று அறிவிக்க வேண்டும், அது விளம்புகை. எதிராளி இனிமேல் குறுக்கே வரக் கூடாது என்று தடுக்க வேண்டும். அது நிரந்தர உறுத்துக்கட்டளை.

முல்லைப்பெரியாறு அணை நிற்பதும் இதே பீருமேடு தாலுகாவில்தான். 2006 மார்ச் கடைசியில் கேரளத்தின் மேல் தமிழ்நாடு தொடுத்த வழக்கில் கேட்டதும் சாரத்தில் இந்த இரண்டு பரிகாரங்களைத்தான். ஆனால் அந்த வழக்கு ஒரு படிகூட ஏறவில்லை, நேரே உச்ச நீதிமன்றத்தில் போய் விழுந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 131ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் சட்ட உரிமைத் தகராறு வந்தால் அதை விசாரிக்கும் முதல் நீதிமன்றமும் கடைசி நீதிமன்றமும் உச்ச நீதிமன்றம் ஒன்றே. காரணம் எளிது. கேரள நீதிபதி கேரளத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதினால் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இந்த யோசனை நமக்கு முன்பே அமெரிக்காவில் வந்துவிட்டது. 1787இல் எழுதிய அவர்களுடைய அரசமைப்பின் மூன்றாம் பிரிவிலேயே, ஒரு மாநிலம் கட்சிக்காரராக வரும் வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றமே முதல் நீதிமன்றம் என்ற விதி உண்டு. மற்றபடி அங்கே ஏணி ஒன்றல்ல. கூட்டாட்சிக்கு 94 மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றுக்கு மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 நீதிபதிகள். இதற்குப் பக்கத்தில் 50 மாநிலங்களுக்கும் தனித்தனியாகக் கீழிருந்து மேல்வரை சொந்த ஏணிகள். நம் நாட்டில் மாநிலச் சட்டமானாலும் மத்தியச் சட்டமானாலும் ஏறுவது ஒரே ஏணிதான்.

உச்ச நீதிமன்றம் முதல் நீதிமன்றமாக உட்காரும்போது ஒரு வேடிக்கை நடக்கும். முன்சிஃப் செய்யும் வேலையெல்லாம் அதன் தலையில் விழும். வாதுரை, பதிலுரை, எழுவினா, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எதுவும் தப்பாது. தமிழ்நாட்டின் வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகளாக 11 எழுவினாக்கள் வகுத்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1794இல் ஒரு வழக்கில் ஜூரிகளையே உட்கார வைத்தது. அது ஒத்துவரவில்லை, பிற்பாடு சாட்சியம் பதிவுசெய்ய வெளியாள் ஒருவரை அமர்த்தும் பழக்கம் வந்தது. கொலராடோ ஆற்றுக்காக அரிசோனா 1952இல் கலிபோர்னியா மேல் வழக்குப் போட்டபோது அப்படி அமர்த்தப்பட்டவர் முன் 340 பேரின் சாட்சியம் பதிவானது. தீர்ப்பு வந்தது 1963இல். நம் நீதிமன்றம் 2010இல் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஐவர் குழுவை அமர்த்தியது. இரு மாநிலங்களும் ஆளுக்கொருவரை அதற்கு முன்மொழிந்தன. குழு 2012இல் அறிக்கை தந்தது.

சண்டை அணையில் எத்தனை அடி தண்ணீர் தேக்கலாம் என்பதில்தான். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜா அணைக்காக 8,000 ஏக்கரை ஆங்கிலேய அரசுக்கு, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம், 999 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. 1979இல் கசிவுப் பேச்சும் அச்சமும் கிளம்ப, பலப்படுத்தும் வேலை நடக்கட்டும் என்று 136 அடிக்கு இறக்கினார்கள். வேலை நடந்தது, மட்டம் ஏறவில்லை. ரிட் மனுக்கள் போயின. 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் அணை பாதுகாப்பாக இருக்கிறது, 142 அடி தேக்கலாம் என்றது. மூன்று வாரத்துக்குள் கேரளச் சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து, முல்லைப்பெரியாற்றுக்கு 136 அடி என்று அட்டவணையில் எழுதிவிட்டது. நீதிமன்றம் ஒன்று சொல்ல, சட்டசபை வேறொன்று சொல்லலாமா? வழக்கின் உயிர்க்கேள்வி அதுதான்.

இதே கேள்வி அமெரிக்காவின் ஓஹாயோ ஆற்றங்கரையில் எழுந்திருக்கிறது. அன்றைய விர்ஜீனியாவின் வீலிங் ஊரில் 1849இல் ஒரு தொங்கு பாலம் கட்டி முடித்தார்கள். பிட்ஸ்பர்க் போகும் நீராவிக் கப்பல்களின் உயரமான புகைபோக்கிகளுக்கு அது இடித்தது. பென்சில்வேனியா மாநிலம் நேரே உச்ச நீதிமன்றம் போனது. பாலத்தை 111 அடிக்கு உயர்த்து, இல்லையேல் வழியை விடு என்று 1852இல் தீர்ப்பு. அதே ஆண்டு நாடாளுமன்றம், பாலம் இருக்கிற உயரத்திலேயே சட்டப்படி சரியானது என்று சட்டம் போட்டது. 1854இல் புயலில் பாலம் விழுந்தது. கம்பெனி திரும்பக் கட்டியது. பென்சில்வேனியா மறுபடி கோர்ட் ஏறியபோது, 1856இல் நீதிபதிகள் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றார்கள். ஆற்றில் கப்பல் விடுவது பொது உரிமை, அதன் எல்லையை நாளைக்கு மாற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பது காரணம். ஆனால் பென்சில்வேனியாவுக்குத் தரச் சொன்ன வழக்குச் செலவை மட்டும் தொட விடவில்லை. அது முடிந்துபோன கணக்கு.

நம்முடைய 2014 மே 7 தீர்ப்பில் அந்த வீலிங் பாலமும் வந்து நிற்கிறது. தலைமை நீதிபதி ஆர்.எம். லோதாவின் ஐவர் அமர்வு அதைத் துணையாக ஏற்கவில்லை. வருங்காலத்துக்கான பொது விதியைச் சட்டசபை மாற்றலாம். ஆனால் அணை உறுதியா இல்லையா என்று இரு கட்சிக்காரர்களுக்கிடையே நீதிமன்றம் ஆராய்ந்து கண்ட முடிவைச் சட்டம் போட்டுப் புரட்ட முடியாது. அப்படிச் செய்தால் சட்டசபை நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறது. கூடவே முன்தீர்ப்புத் தடையும் கேரளத்துக்கு எதிராக நின்றது. ஒரு தடவை தீர்ந்ததைத் திரும்ப ஆரம்பிக்கக் கூடாது என்ற அந்த விதி, ஓடைத் தகராறு போடும் தோட்டக்காரரைக் கட்டுவது போலவே மாநிலத்தையும் கட்டும். அந்தச் சட்டம் இந்த அணையைப் பொறுத்தவரை செல்லாது என்றானது, 142 அடி நிலைத்தது.

தர்க்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. உறுத்துவது வேறு. 131ஆம் பிரிவின் வாசலில் அரசுகள்தாம் நுழைய முடியும். 2006இல் தீர்ந்த ரிட் வழக்கில் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று மனுதாரராக நிற்க முடிந்தது. அசல் வழக்கில் இரண்டு மாநிலங்கள்தாம் எதிரெதிரே. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்த் தொழிலாளி யார் தரப்பு? அவர் பேச்சு தமிழ்நாட்டின் பேச்சு, அவர் பயம் கேரளத்தின் பயம். எழுவினாப் பட்டியலில் அவருக்கு இடமில்லை.

தீர்ப்போடு வேலையும் தீரவில்லை. மட்டத்தைக் கவனிக்க நீதிமன்றம் மூவர் குழுவை வைத்தது. அணைப் பாதுகாப்புச் சட்டத்தின் அதிகாரங்கள் 2022இல் அதற்குக் கிடைத்தன. டெலவேர் ஆற்றுக்கு 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் 'ஆற்றுக் கண்காணிப்பாளர்' பதவியை உண்டாக்கியது, இன்றும் அது நடக்கிறது. நீர்த் தீர்ப்புகளுக்குக் காவலாள் தேவைப்படுகிறது.

கேரளம் கேட்கும் புதிய அணையைத் தமிழ்நாட்டின் மேல் திணிக்க முடியாது என்ற நீதிமன்றம், அதை இருவரும் பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டது. பேசி முடிப்பதற்கும் பழைய உதாரணம் இருக்கிறது. குத்தகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக்கிய பெரியாறு துணை ஒப்பந்தங்கள் கையெழுத்தான 1970 மே 29 அன்றுதான் பாலக்காட்டுப் பக்கத்துப் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தமும் கையெழுத்தானது. அதன்படி மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். குறைந்தால் சித்தூர் விவசாயிகள் குரல் எழுப்புவார்கள், கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் கூடும், கணக்குப் பார்க்கும். முப்பது ஆண்டுக்கொரு முறை திருத்தலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 2019 செப்டம்பரில் இரு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து, திருத்தத்தைப் பேசக் குழு அமைப்பது என்று முடிவெடுத்தார்கள்.