எஞ்சின் இல்லாமல் ஏறிய மலை

ஜெர்மனியின் வாஸர்குப்ப மலை 950 மீட்டர் உயரம். அதன் உச்சியில் கிளைடர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் துணியுமாகப் பழைய கிளைடர்கள். கண்ணாடி இழையில் வார்த்த பிற்காலத்தவை. பறவைபோல மணிக்கணக்கில் வானத்தில் தங்க மனிதன் கற்றுக்கொண்ட கதை இங்கே கண்முன் நிற்கிறது.

அங்குள்ள எஸ்ஜி-38 பயிற்சிக் கிளைடரை நின்று பார்க்க வேண்டும். விமானிக்கு அறையே கிடையாது. சட்டத்தின் முனையில் ஒரு பலகை இருக்கை, கைக்கு ஒரு பிடி, காலுக்கு ஒரு மிதிகட்டை, அவ்வளவுதான். ஆசிரியர் தரையில் நின்றுவிடுவார். மாணவர் முதல் தடவையே தனியாகப் பறக்க வேண்டும். சிலர் வாலை இறுகப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் மூக்கில் மாட்டிய ரப்பர் கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்தபடி சரிவில் ஓடுவார்கள். வாலை விட்டதும் உண்டிவில்லிலிருந்து கல் பாய்வதுபோலக் கிளைடர் பாயும்.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் எஞ்சின் விமானங்களுக்கு வெர்சாய் ஒப்பந்தம் பூட்டுப் போட்டது. கிளைடருக்குத் தடையில்லை. பத்திரிகை ஆசிரியர் ஆஸ்கர் உர்சினுஸ் 1920-இல் இளைஞர்களை இம்மலைக்கு அழைத்துப் போட்டி நடத்தினார்.

கிளைடர் காற்றினூடே எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அது நொடிக்கு ஒரு மீட்டர் இறங்கும்போது, சுற்றியுள்ள காற்று இரண்டு மீட்டர் எழும்பினால், கிளைடர் ஒரு மீட்டர் ஏறிவிடும். ஆக, எழும் காற்று எங்கே என்பதுதான் கேள்வி. முதல் விடை மலைச்சரிவிலேயே கிடைத்தது: சரிவில் மோதும் காற்று மேலே திரும்புகிறது. 1922-இல் ஹனோவர் மாணவர்களின் 'வாம்பயர்' அதைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்தது. 12.6 மீட்டர் இறக்கை கொண்ட அந்த அழகிய கிளைடருக்குச் சக்கரங்கள், கால்பந்துகள்! அசல் வாம்பயர் இப்போது மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த விடை ஆபத்தோடு வந்தது. 1926-இல் கிளைடரில் பறந்துகொண்டிருந்த மாக்ஸ் கேகலை இடிமேகம் ஒன்று உள்ளே இழுத்து உயரத் தூக்கியது. 55 கிலோமீட்டர் தள்ளிப் பத்திரமாக இறங்கினார். சரிவை விட்டு விலகியும் உயரலாம் என்று தெரிந்தது.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஏற்றத்தை எப்படி உணர்வது? ஒரு குடுவைக் காற்றின் அழுத்தத்தை வெளியழுத்தத்தோடு ஒப்பிட்டு, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று முள்ளில் காட்டும் வேரியோமீட்டர் அதற்கு உதவியது. அதைத் துணைகொண்ட ராபர்ட் குரோன்ஃபெல்ட் 1929-இல் 100 கிலோமீட்டரைத் தாண்டினார். இன்றைய கிளைடர்களில் அது ஒலியும் எழுப்புகிறது. ஏற்றம் கூடக்கூடச் சுருதியும் கூடும். விமானி முள்ளைப் பார்க்காமலே, காதால் கேட்டு வட்டமிடலாம்.