குளத்துப் பச்சையும் மரபணுச் சோதனையும்

நீலப்பச்சைப் பாசியை நம் தஞ்சை விவசாயிகளுக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து நெற்பயிருக்கு ஊட்டுவது அது. அசோலாவின் இலைக்குள் குடியிருப்பதும் அதன் இனமே. அந்தக் குடும்பத்திலேயே நஞ்சு கக்கும் பிள்ளைகளும் உண்டு. அவற்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீர் பச்சையாகி நாற்றமெடுத்ததைப் பலர் அறிவர். சாக்கடையும் வயலின் உரநீரும் சேர்ந்து தேங்கி, வெயிலும் காய்ந்தால், எந்த ஊர்க் குளத்துக்கும் அக்கதி நேரலாம்.

பச்சையைக் கண்ட மாத்திரத்தில் நஞ்சா, அல்லவா என்று சொல்ல இயலாது. மைக்ரோசிஸ்டிஸ் என்னும் பாசியில் நஞ்சுள்ளதும் இல்லாததும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். வேற்றுமை மரபணுவில் இருக்கிறது. கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சை உண்டாக்கும் பத்து மரபணுக்களின் கோவையை 2000-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். இப்பொழுது ஒரு குப்பி நீரை வடிகட்டி, பாசியின் மரபணுப் பொருளைப் பிரித்தெடுத்து, அக்கோவையின் ஒரு துண்டை மட்டும் பி.சி.ஆர். கருவியில் பெருக்குகிறார்கள். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகி, 30 சுற்றுகளில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகிறது. எத்தனையாவது சுற்றில் ஒளி புலப்படுகிறதோ, அதைக் கொண்டு தொடக்கத்தில் இருந்த தொகையைக் கணக்கிடுகிறார்கள். கொரோனாக் காலத்தில் மூக்குச் சளியைச் சோதித்த முறைக்கு இது உடன்பிறப்பு. குளம் பச்சையாகுமுன்பே, சில மணி நேரத்தில் எச்சரிக்கை கிடைக்கிறது.

ஆனால், மரபணு நஞ்சு செய்யும் வல்லமையைக் காட்டுமேயன்றி, இன்று நீரில் எவ்வளவு நஞ்சு உள்ளதென்று காட்டாது. அதற்கு இரசாயனச் சோதனை தனியே வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு.

இவ்வளவு சோதனை எதற்கு, மயில்துத்தம் போட்டால் பாசி சாகாதா என்று கேட்போர் உண்டு. சாகும், அதில்தான் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் குடிநீர்த் தேக்கத்துப் பாசியை ஒழிக்க மயில்துத்தம் இட்டனர். செத்த பாசி உடைந்து உள்ளிருந்த நஞ்செல்லாம் நீரில் கலந்தது. சில நாட்களில் ஏறக்குறைய 150 பேர் நோயுற்றனர், பெரும்பாலோர் குழந்தைகள். கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு நீங்குவதில்லை.

ஆகவே, பச்சை வண்ணம் கரைத்தாற்போல் ஏடு படிந்த குளத்தில் மாட்டை இறக்கவேண்டாம். நூல் அலசும் நெசவாளரும் அன்றைக்கு வேறு நீர் தேடுக. துத்தத்தைத் தொடுமுன், ஒரு குப்பி நீரைச் சோதனைக்கு அனுப்பச் சங்கத்தின் மூலம் ஏற்பாடு செய்யுங்கள்.