ஒரே புதையல், தலைகீழான கணக்கு! பழைய இங்கிலாந்து வெள்ளிக்காசு எத்தனை மிச்சம் இருக்குனு எப்படி கணக்கு போடுறாங்க?

இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் உள்ள செவ் பள்ளத்தாக்கு. 2019-ல் அங்கே மெட்டல் டிடெக்டருடன் வயலில் தேடியவர்களுக்கு 2,584 வெள்ளிக்காசுகள் கிடைத்தன. 1066-ல் சில மாதங்களே ஆண்ட மன்னர் இரண்டாம் ஹெரால்டின் காசுகளும் அதில் இருந்தன. அதுவரை உலகத்துக்குத் தெரிந்திருந்த ஹெரால்டு காசுகளைப் போல சுமார் இரண்டு மடங்கு, இந்த ஒரே குழியில்!

அப்படின்னா ஒரு காசு 'அரிது' என்பதை எதை வைத்துச் சொல்றாங்க?

எத்தனை அடிச்சாங்கனு பார்த்தால் போதாதா?

போதாது. அடித்ததில் உருக்கியது போக மிஞ்சியதுதான் கணக்கு. 1696-ல் ஓரம் வெட்டப்பட்டு, தேய்ந்துபோன பழைய காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1807-ல் டீல்பியில் கிடைத்த இரண்டாம் ஹென்றி காலப் புதையலிலும் 5,000-க்கும் மேற்பட்ட காசுகள் உருக்கப்பட்டன.

1847 'கோதிக் கிரவுன்' அடிக்கப்பட்டதே 8,000தான். ஆனால், அழகுக்காகவே பலர் பத்திரப்படுத்தினார்கள். 1905 அரை கிரவுன் 1,66,008 அடிக்கப்பட்டது. அது கைமாறிக் கைமாறித் தேய்ந்ததால், நல்ல நிலையில் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பதிவேடே இல்லாத காலத்துக்கு?

அங்கே கைகொடுப்பது அச்சு. சுத்தியலால் காசு அடித்த காலத்தில், கையால் செதுக்கிய ஒவ்வொரு அச்சுக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். கிடைத்த காசுகளில் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலான அச்சுகளைப் பார்த்தாச்சு என்று அர்த்தம். ஒவ்வொரு காசும் புது அச்சாக இருந்தால், பார்க்காதது இன்னும் ஏராளம். இப்படி அச்சுகளின் எண்ணிக்கையை ஊகித்து, எவ்வளவு அடித்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

மிஞ்சியதை எப்படி எண்ணுறாங்க?

அருங்காட்சியகங்கள், ஏலப் பட்டியல்கள், பொதுமக்கள் கண்டெடுத்தவற்றின் பதிவுகள் எல்லாவற்றையும் சேர்ப்பார்கள். ஒரே காசு நாலு ஏலத்தில் வந்திருந்தால் நாலாக எண்ணிவிடக் கூடாது. அதனால் கீறல், ஓர வடிவம் பார்த்து படங்களை ஒப்பிடுவார்கள்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது

'உலகத்திலேயே 10தான் இருக்கு' என்றால், இதுவரை தெரிந்தது 10 என்றுதான் அர்த்தம். மண்ணுக்குள் இருப்பது அந்தக் கணக்கில் வராது. அரிது என்பதாலேயே விலை ஏறிவிடாது, தேடுபவர்களும் வேண்டும். ஹெரால்டு காசுக்குத் தேடுபவர்கள் குறையவில்லை. அந்தப் புதையல் 2024-ல் 43 லட்சம் பவுண்டுக்கு அருங்காட்சியகத்துக்காக வாங்கப்பட்டது.