ஓசூரிலிருந்து தேசியப் போட்டிக்கு எவ்வளவு தூரம்?

ஓசூர் தொழிலாளர் அணியொன்று தேசிய அளவில் ஆட முடியுமா? விதிகளின்படி முடியும், நடைமுறையில் மிகக் கடினம்.

1941-இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பை மாநில அணிகளுக்கானது. கழகங்களுக்கு அதில் இடமில்லை. சிறு கழகங்களுக்கான தேசிய நுழைவாயிலாக 2023-இல் ஐ-லீக் 3 தொடங்கப்பட்டது. மாநிலச் சங்கங்கள் பரிந்துரைக்கும் கழகங்கள் அதில் பங்கேற்கின்றன.

எல்லைப்புறத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். சென்னை 300 கிலோமீட்டருக்கும் அதிகம். அருகிலுள்ள லீக் அண்டை மாநிலத்துக்கு உரியது. தமிழகத்தின் முதன்மை லீக்கோ நெடுங்காலமாகச் சென்னையை மையமாகக் கொண்டது. மூன்று ஷிப்டுகளில் உழைப்பவர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு நாள் ஊதியத்தை இழக்க முடியுமா?

தொழிற்சாலைக் கால்பந்து இப்பகுதிக்குப் புதிதன்று. பெங்களூரின் எச்.ஏ.எல். அணி 2010-11 பருவத்தில் ஐ-லீக்கிலேயே ஆடியது. சென்னையின் இந்தியன் வங்கி அணி அதற்கு முந்தைய தேசிய கால்பந்து லீக்கில் விளையாடியது. அவற்றின் பலம் நட்சத்திர வீரர்கள் மட்டுமல்ல. வேலையும் பயிற்சி நேரமும் பயணச் செலவும் தந்த நிறுவனங்களே.

ஆகவே, செய்ய வேண்டியவை இரண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களின் சாம்பியன் கழகங்கள் மண்டல அளவில் மோதி, வெல்பவர் மட்டும் சென்னை செல்லும் முறை வேண்டும். ஆட்ட நாள்களை ஓசூரின் ஆலைகள் ஊதியத்துடன் கூடிய விடுப்பாக ஏற்க வேண்டும். திறமை இங்கு இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பாவது தரப்பட வேண்டாமா?