கரண்டியின் பின்னால் ஒரு பெயர்!

அமெரிக்காவை இங்கிலாந்து ஆண்ட காலம். பணம் போட்டு வைக்க அங்கே பாங்கி கிடையாது. வெள்ளி நாணயம் சேர்ந்தால் தட்டாரிடம் கொடுத்து உருக்கி, கரண்டி, கிண்ணம் செய்து கொள்வார்கள். திருட்டுப் போனால் அடையாளம் சொல்ல வேண்டுமே! தட்டார் அடித்த முத்திரையைச் சொல்லிப் பத்திரிகையில் விளம்பரம் செய்வார்கள்.

இங்கிலாந்தில் வெள்ளியைச் சோதித்துச் சிங்க முத்திரை போடுவார்கள். அமெரிக்காவில் அந்த ஏற்பாடு இல்லை. தட்டாரின் பெயர்தான் உத்தரவாதம்.

பாஸ்டன் நகரத்துத் தட்டார் பால் ரிவியர். 1775-ல் இரவோடு இரவாகக் குதிரையில் பறந்து, இங்கிலாந்துப் படை வருவதைச் சொன்னாரே, அவரேதான்! நீள் சதுரக் கட்டத்துக்குள் "ரிவியர்" என்று முத்திரை அடிப்பார். அவருடைய தந்தையும் தட்டார். அவர் பெயரும் பால் ரிவியர்! முத்திரையை மட்டும் பார்த்தால் குழப்பம்தான்.

பெயருக்கு மதிப்பு அதிகம். ஆகவே போலிகளும் வந்தன. அசல் கரண்டியைக் கொண்டு அச்சு எடுத்து, வெள்ளியை வார்த்து விடுகிறார்கள். முத்திரையும் கூடவே வந்து விடுகிறது!

கண்டுபிடிப்பது எப்படி?

கையால் அடித்த முத்திரை கரண்டிக்குக் கரண்டி சிறிது விலகும், சற்றுச் சாயும். ஆறு கரண்டிகளிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், வார்த்த முத்திரையின் ஓரம் மழுங்கித் தெரியும்.