பன்னிரண்டில் ஒன்று – 9: மூன்றங்குலத் தையல் மெஷின்

சென்ற வாரம் பசைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பசை, பால்சா மரம், கத்தி எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். எதைச் செய்வது என்பதுதான் பிடிபடவில்லை. நீங்கள் எப்படித் தொடங்குவீர்கள்?"

பசையை விட இது பெரிய கேள்வி. எனக்கு நன்றாகப் பழக்கமான கேள்வியும்கூட. எட்டு மாதம் என்னோடு ஒரே வீட்டில் குடியிருந்தது அது.

என் முதல் சிறுவீடு அத்தையின் சமையலறை என்று இந்தத் தொடரின் தொடக்கத்தில் சொல்லியிருக்கிறேன். அதை முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த வருட நவராத்திரியில் கொலுவின் கடைசிப் படிக்குக் கீழே, வழக்கமாகக் கேழ்வரகு முளைக்க வைத்துப் பூங்கா போடும் இடத்தில் அதை வைத்தேன். வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அந்த அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்தார்கள். விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தபோது என் மேஜை காலியாக இருந்தது. மனதும்தான்.

இனி செய்தால் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். செட்டிநாட்டு வீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கிராஃப் தாளில் வரைந்தேன். ஆறு மில்லிமீட்டர் ப்ளைவுட் வாங்கினேன். கடைசல் பட்டறையில் சொல்லி இரண்டு தூண்களும் வந்துவிட்டன. அவ்வளவுதான். ப்ளைவுட் பீரோவுக்குப் பின்னால் போனது, தூண்கள் பேனா குவளைக்குள் போயின. ஒவ்வொரு ஞாயிறும் தாளை விரிப்பேன், பார்ப்பேன், மடித்துவிடுவேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த வீட்டில் எனக்கு யாரையும் தெரியாது. படங்களில் பார்த்த வீடு அது. எந்தத் தூணில் யார் சாய்ந்து உட்கார்வார்கள், மழை பெய்தால் வளவில் எந்த மூலையில் குடத்தை வைப்பார்கள், எதுவும் தெரியாது. தூண் எத்தனை அங்குலம் என்பது மட்டும் தெரியும். அளவு தெரிந்தால் சுவர் எழுப்பலாம். யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் அடுத்த சுவரை எழுப்பக் கை வராது.

அந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு பென்சில் ஷார்ப்னர்.

மகளுக்குப் பரீட்சை அட்டை வாங்கப் போன கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பொருள்களின் வடிவத்தில் வார்த்த உலோக ஷார்ப்னர்கள் வரிசையாக இருந்தன. கிராமபோன், நீராவி இன்ஜின், பீரங்கி. அவற்றுக்கு நடுவில் கால் மிதி வைத்த ஒரு தையல் மெஷின். சக்கரம் சுற்றுகிறது. கையில் எடுத்தேன். என் பையில் எப்போதும் ஒரு ஸ்கேல் உண்டு. மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது. நமது கணக்கில் ஒரு அடிக்கு ஒரு அங்குலம். அப்படியானால் இது மூன்றடிக்கு மேல் உயரமுள்ள மெஷின். கிட்டத்தட்ட நிஜ அளவு!

அந்த நிமிடமே எங்கள் பழைய தெருமுனையில் இருந்த டெய்லர் கடை முழுதாகக் கண் முன்னால் வந்து நின்றது. கடைக்குள் நுழைந்ததும் வரும் கஞ்சி வாசனை, கரிப்பெட்டியின் சூடு, காஜா எடுக்கும் பையன் பல்லால் நூலைக் கடித்து அறுப்பது. செட்டிநாட்டு வீட்டுக்கு எட்டு மாதம் தேடியும் கிடைக்காதது இங்கே ஒரு நொடியில் கிடைத்தது. அதே இரவு சுவருக்கு அட்டை வெட்டிவிட்டேன்.

பொருள் முதலில், வீடு பிறகு. நான் கண்ட வழி இதுதான். உலகத்தில் இந்தச் சிற்றுருக் கலையை உயரத்துக்குக் கொண்டுபோனவர்களில் சிலர் எப்படித் தொடங்கினார்கள் என்று படித்தபோது எனக்கு மிகுந்த தெம்பு வந்தது.

சிகாகோ கலைக் கழக அருங்காட்சியகத்தில் 68 சிற்றறைகள் இருக்கின்றன. நார்சிஸா நிப்லாக் தோர்ன் என்ற அம்மையார் உருவாக்கியவை, எல்லாம் நமது பன்னிரண்டில் ஒன்று அளவில். சிறுவயதிலிருந்தே குட்டிப் பொருள்களைச் சேர்த்து வந்தவர் அவர். சேர்த்தவற்றுக்கு ஓர் இடம் வேண்டும் என்று அறைகளைக் கட்டத் தொடங்கி, 1932 முதல் 1940 வரை, தேர்ந்த கைவினைஞர்களை அமர்த்தி, ஐரோப்பிய, அமெரிக்க வீட்டு அறைகளை நூற்றாண்டு வாரியாகச் செய்து முடித்தார். அவருக்கும் நாற்காலி முதலில் வந்தது, அறை பிறகு வந்தது. அந்த அறைகளில் மனித பொம்மையே கிடையாது. ஆனால் திறந்து வைத்த புத்தகம் இருக்கும், கழற்றி வைத்த கண்ணாடி இருக்கும். வீட்டுக்காரர் இப்போதுதான் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார், வந்துவிடுவார் என்று தோன்றும். அறைக்கு உயிர் கொடுப்பது அந்த எழுந்துபோனவர்தான்.

பிரான்சிஸ் கிளெஸ்னர் லீயின் கதை இன்னும் வேறு மாதிரி. 1913இல் அவர் செய்த முதல் பெரிய சிற்றுரு, தன் தாயாருக்கான பிறந்தநாள் பரிசு. தாயாருக்குச் சிகாகோ சிம்பொனி இசைக்குழு என்றால் உயிர். மகள் அந்தக் குழுவின் 90 கலைஞர்களையும் வாத்தியங்களோடு பொம்மையாகச் செய்து கொடுத்துவிட்டார். முப்பது வருடம் கழித்து அதே கைகள் துப்பறிவோருக்கான பாடமாக மரணம் நடந்த அறைகளைச் செய்தன. அமெரிக்கக் காவல்துறையினர் தடயங்களைக் கவனிக்கப் பழகுவதற்காக அவர் செய்த சிற்றறைகளில் 18, பால்டிமோரில் மருத்துவப் புலனாய்வு அலுவலகத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் வரும் பொம்மையின் காலுறையைக் குண்டூசிகளை ஊசியாக வைத்துப் பின்னியிருக்கிறார் அந்த அம்மையார். யாருடைய கால், எந்த ஊர்க் குளிர் என்று தெரிந்தவர்தான் அந்தப் பாடுபடுவார்.

டப்ளினில் சர் நெவில் வில்கின்சன் கட்டிய 'டைட்டானியாவின் அரண்மனை'க்குக் காரணம் ஒரு குழந்தை. 1907இல் அவருடைய சின்ன மகள், தோட்டத்து மரத்தின் வேருக்கடியில் ஒரு தேவதை போனதைப் பார்த்தேன் என்று சொன்னாள். தேவதைக்கு மண்ணுக்கடியில்தானா வீடு? அப்பா அரண்மனை கட்டித் தருவதாகச் சொன்னார். 18 அறைகள், 15 வருடம். 1922இல் திறந்தபோது மகள் வளர்ந்துவிட்டிருந்தாள். அரண்மனை இப்போது டென்மார்க்கின் ஏகெஸ்கோவ் கோட்டையில் இருக்கிறது.

ஒருவருக்குச் சேர்த்து வைத்த சாமான், ஒருவருக்கு அம்மாவின் ஆசை, ஒருவருக்கு மகளின் ஒரு வார்த்தை. வீட்டின் வரைபடம் யாருக்கும் முதலில் வரவில்லை.

என் மெஷினுக்கு வருகிறேன். அடுத்த வாரமே பழைய தெருவுக்குப் போனேன். கடை இருந்தது. டெய்லரும் இருந்தார், கண்ணாடி மட்டும் தடித்திருந்தது.

"என்ன பாப்பா, பொண்ணுக்குப் பாவாடையா?"

"இல்லண்ணே. கடைய அளந்துக்கணும்."

விஷயத்தைச் சொன்னேன். ஷார்ப்னரைக் கையில் கொடுத்தேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தன் மெஷினைத் தானே அளந்தார். தரையிலிருந்து நாற்பது அங்குலம். என்னுடையது கால் அங்குலம் குட்டை என்றேன். அவர் குனிந்து தன் மெஷின் காலைக் காட்டினார். நான்கு காலுக்கும் அடியில் கட்டை. "உயரத்துக்கு இப்படித்தான் கொடுப்போம். உன்னோடதுக்கும் கட்டை கொடு." அவருடைய கட்டை மூன்றங்குலம். எனக்குக் கால் அங்குலம். கணக்கு அப்படியே உட்கார்ந்தது.

நம் ஊரில் தையல்காரரும் தச்சரும் இன்னும் அங்குலத்தில்தான் பேசுகிறார்கள், கொத்தனார் அடியில் பேசுகிறார். பன்னிரண்டில் ஒன்று என்பது ஏதோ வெளிநாட்டுக் கணக்கு என்று தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: நமக்கு இதைப் போல எளிதான கணக்கு இல்லை. எட்டடிக் கடை என்றால் எட்டு அங்குல அட்டை.

புறப்படும்போது அவர் சொன்னதுதான் அந்தப் பயணத்தின் பெரிய லாபம். "எல்லாத்தையும் கறுப்பா வைக்காத பாப்பா. மிதிபலகை நடுவுல வெளுத்திருக்கும், பாரு." பார்த்தேன். ஐம்பது வருடக் கால்பட்டு வார்ப்பிரும்பு வெள்ளிபோல் மின்னியது. வலது பக்கம் கூடுதலாக. வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை ஒரு குச்சி முனையில் ஒட்டி, என் மூன்றங்குல மெஷினின் மிதிபலகையில் வலது பக்கமாகப் பத்துப் பதினைந்து முறை தேய்த்தேன். அடி உலோகம் தெரிந்தது. அதுவரை ஷார்ப்னராக இருந்த பொருள், அதன் பிறகு யாரோ ஒருவருடைய மெஷின் ஆகிவிட்டது.

இதற்குப் பிறகு யோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. மெஷின் இருந்தால் மேலே கொடிக்கம்பி வேண்டும், அதில் பட்டன் வைக்காத சட்டைகள் தொங்க வேண்டும். சட்டைக்கு நிஜ பாப்ளின் துணி ஒத்துவராது. பன்னிரண்டில் ஒன்றாகச் சுருங்கிய சட்டைக்குத் துணி சுருங்குவதில்லை, அட்டை மாதிரி விறைத்து நிற்கும். துவைத்துத் துவைத்து இழை தேய்ந்த பழைய மல் வேட்டியில் வெட்டினேன். கஞ்சியில் நனைத்து, ஈரத்தோடு மடிப்புகளைக் குண்டூசி குத்திக் காய வைத்தால் சட்டை சரியாகத் தொங்குகிறது. கட்டம் போட்ட சட்டைக்கு ஆண்களின் கைக்குட்டை ஓரம் பொருந்துகிறது.

கடைக்கு நிரைப்பலகைக் கதவு. என் பழைய தெருவில் எல்லாக் கடைக்கும் அதுதான். பலகைகளில் எண் எழுதி வைத்திருப்பார்கள், வரிசை மாறினால் கடை மூடாது. ஐஸ் குச்சியை வைத்துப் பார்த்தேன், குறுகல். டாக்டர் தொண்டை பார்க்க நாக்கை அழுத்தும் மரப்பட்டை முக்கால் அங்குல அகலம். அதாவது ஒன்பது அங்குலப் பலகை! நீளம் ஆறு அங்குலம், ஆனால் உருண்ட முனைகளை வெட்டினால் ஐந்தேகால்தான் மிஞ்சும். மேலே முக்கால் அங்குலத் தலைச்சட்டம் கொடுத்துச் சரி செய்தேன். பத்துப் பலகை. ஒன்று முதல் பத்து வரை எண்கள்.

ஒரு எச்சரிக்கை. பொருளிலிருந்து தொடங்கலாம் என்றதும் எல்லோரும் சொப்புச் சாமானைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புகளை விட அழகான குட்டிப் பாத்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் அவை குழந்தையின் விரலுக்காகக் கடைந்தவை, அளவுக்காக அல்ல. ஒரே செட்டில் டம்ளரும் குடமும் கிட்டத்தட்ட ஒரே உயரம் இருக்கும். முழு செட்டையும் ஒரே அறையில் வைத்தால் கண் நம்பாது. ஸ்கேலை வைத்து அளந்து, பொருந்துகிற இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி குழந்தைகளுக்கு.

செட்டிநாட்டு ப்ளைவுட் என்ன ஆனது? அதிலிருந்துதான் டெய்லர் கடையின் தரையும் கூரையும் வெட்டினேன். இரண்டு தூண்களும் இன்னும் பேனா குவளையில் இருக்கின்றன. காரைக்குடிப் பக்கம் வளர்ந்த தோழி ஒருத்தி தன் ஆயா வீட்டைப் பற்றிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் வந்து அந்த வளவில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று காட்டித் தரும் வரை அந்தத் தூண்களைத் தொடுவதாக இல்லை.

கேள்வி கேட்ட வாசகிக்கும், மற்றவர்களுக்கும் இந்த வாரம் ஒரு வேலை. பசையைத் திறக்காதீர்கள், ப்ளைவுட் வாங்காதீர்கள். ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வீட்டின் இழுப்பறைகளைத் திறந்து பாருங்கள். தாயக்கட்டை, குங்குமச் சிமிழ், கழன்றுபோன குடை முனை, மாத்திரை டப்பா மூடி, எதுவானாலும் சரி. அளந்து, பன்னிரண்டால் பெருக்கி, அது நிஜத்தில் என்னவாக இருக்கும் என்று எழுதுங்கள். பக்கத்திலேயே அதை யார் பயன்படுத்துவார் என்று, உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் பெயரை எழுதுங்கள். பெயர் வராவிட்டால் அந்தப் பொருளை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அடுத்த வாரம் நிரைப்பலகைக்கு வரிப்பள்ளம் எடுப்பதைப் பார்க்கலாம். நாக்குப் பட்டை மருந்துக் கடையில் கட்டாகக் கிடைக்கும், ஒரு கட்டு வாங்கி வையுங்கள்.