கேமரா மக்கள் கைக்குப் போனா என்ன நடக்கும்? சுகாதார ஆய்வில் 'ஃபோட்டோவாய்ஸ்' முறை... மதுரைக்காரர் காட்டும் வழி!

ஒரு தெருவில் காய்ச்சல் பரவினால் என்ன நடக்கும்? ஆட்கள் வருவார்கள், படிவத்தில் நாலு கேள்வி கேட்பார்கள், கிளம்பிவிடுவார்கள். ஆனா, அந்தத் தெருவிலேயே வாழ்பவர் தினமும் பார்ப்பதெல்லாம் அந்தப் படிவத்தில் வருமா? இதற்கு ஒரு வழிதான் 'ஃபோட்டோவாய்ஸ்'. இதில் ஆய்வாளர் படம் எடுக்க மாட்டார். மக்களே எடுப்பார்கள், அதன் அர்த்தத்தையும் மக்களே சொல்வார்கள்.

எங்கே தொடங்கியது?

1990களின் தொடக்கத்தில், சீனாவின் யுன்னான் மாகாணத்தில். கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள், 62 கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்தார்கள். அந்தப் படங்களில் ஒன்று: அம்மா களை எடுக்கிறார், வயல் ஓரத்தில் குழந்தை தனியாகக் கிடக்கிறது. மரக்கிளையில் சேலைத் தொட்டில் கட்டிவிட்டு நடவுக்கு இறங்கும் நம்மூர் அம்மாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தப் படங்களை வைத்து நடந்த பேச்சு அதிகாரிகள் வரை போனது. குழந்தைகள் காப்பகம், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, பெண் பிள்ளைகளுக்கு உதவித்தொகை என்று பலன் கிடைத்தது.

மதுரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

புகைப்படக் கலைஞர் எம்.பழனிக்குமார் மதுரைக்காரர். மீன் விற்ற அம்மாவின் மகன். மலக்குழி மரணங்களைப் பேசிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் (2017) ஒளிப்பதிவாளர். 'பாரி' இணையதளத்தின் புகைப்படக் கலைஞரான இவருக்கு, 2022-ல் முதல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது.

தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பப் பிள்ளைகளுக்கு அவர் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். இது மருத்துவ ஆய்வு இல்லை. ஆனா அடிப்படை ஒன்றுதான்: என் வீட்டுக் கதையை நானே எடுக்கிறேன்.

எப்படிச் செய்வது?

செல்லூர் வழியாக வைகைக்குப் போகும் பந்தல்குடி வாய்க்கால் ஓரத்தில் இதைச் செய்வதாக வைத்துக்கொள்வோம்.

1. பத்துப் பதினைந்து பேர் சேர வேண்டும். செல்போன் போதும். முதல் வகுப்பு, அனுமதி கேட்டுப் படம் எடுப்பது எப்படி என்பதுதான்.

2. 'நம்ம தெருவில் உடம்பைக் கெடுப்பது எது, காப்பது எது?' என்ற கேள்வியோடு சில நாட்கள் படம் எடுக்க வேண்டும்.

3. ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் கேட்க வேண்டும்: இதில் என்ன தெரிகிறது? உண்மையில் என்ன நடக்கிறது? நம்ம வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது? ஏன் இப்படி? என்ன செய்யலாம்?

4. தேர்ந்தெடுத்த படங்களைக் கவுன்சிலர், மாநகராட்சி அதிகாரி, சுகாதார நிலைய டாக்டர் முன்னால் வைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முறையின் உயிர். தேங்கிய தண்ணீரின் படம் வெறும் புகார். 'தண்ணி எப்ப வரும்னு தெரியாது, அதான் குடத்துல பிடிச்சு வைக்கிறோம், அதுல கொசு வருது' என்று ஒருவர் சொல்லும்போதுதான் காரணம் பிடிபடுகிறது.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதர்களைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறங்குபவரைப் படம் எடுத்தால் அது வலுவான ஆதாரம். ஆனா முகம் தெரிந்தால், வேலை போவது இறங்கியவருக்குத்தான்.

அதனால் அனுமதி இரண்டு முறை தேவை: எடுக்கும்போது ஒன்று, வெளியே காட்டும் முன் இன்னொன்று. 'வேண்டாம்' என்றால் அழித்துவிட வேண்டும். முகம் இல்லாமல் கை, கருவி, இடம் ஆகியவற்றை வைத்தே கதை சொல்ல முடியும். படம் எடுத்தவருக்கே சொந்தம் என்பதும் முதலிலேயே பேசி எழுதிவைக்க வேண்டியது.

கண்காட்சி வைத்துக் கைதட்டல் வாங்கியதோடு நின்றால், மக்களுக்கு மிஞ்சுவது ஏமாற்றம்தான். எனவே படம் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இதை யாரிடம் காட்டப்போகிறோம், அவர் என்ன செய்ய வேண்டும்?